ஒரே மேசை, இரண்டு மாவட்டம்

கம்பளையில் ஏறும் பஸ் புசல்லாவையைத் தாண்டி இன்னும் சில வளைவுகள் திரும்பியதும், தேயிலைச் சரிவின் ஓரத்தில் ஒரு பலகை நிற்கும். போகும்போது பார்த்தால் நுவரெலியா மாவட்டம் வரவேற்கும். வரும்போது பார்த்தால் கண்டி மாவட்டம் வரவேற்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கண்டிப் பக்கம் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது தெரிந்தால் ஜன்னலை மூட வேண்டும், இனிமேல் குளிரும். எனக்கு அதற்கு மேல் அதில் எதுவும் இருக்கவில்லை. என் மகள் உயர்தரப் பரீட்சை எழுதி, முடிவு வந்து, பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளியும் வந்த பிறகுதான் அந்தப் பலகை எங்கள் வீட்டுக்குள்ளும் நின்றிருக்கிறது என்று தெரிந்தது.

இந்த நாட்டில் கம்பஸ் போவதற்கு எடுத்த புள்ளி மட்டும் போதாது. எந்த மாவட்டத்தில் படித்த பிள்ளை என்பதையும் பார்ப்பார்கள். நல்ல பள்ளிக்கூடங்கள் நிறைந்த மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி கூட. ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத மாவட்டத்துக்குக் குறைய. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளையின் பெயர் எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்ததோ, அந்த மாவட்டத்துக் கணக்கில்தான் அந்தப் பிள்ளை சேரும். நியாயமான ஏற்பாடு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் நாங்கள் அந்தக் கணக்கிலிருந்து நாங்களாகவே நடந்து வெளியே வந்துவிட்டோம். சாமான் சட்டியெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு, சந்தோஷமாக வந்தோம்.

எங்கள் வீட்டில் படித்தவர் அண்ணன். பதினோராம் வகுப்பு, சாதாரணதரம் வரைக்கும் படித்துவிட்டுத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர் ஆனார். நான் கட்டுகஸ்தோட்டையில் அக்குறணை முதலாளி ஒருவரின் ஹாட்வெயார் கடைக்கு வந்துவிட்டேன். முதலில் முன்பக்கத்தில் நிறுத்தினார்கள். வருகிறவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பேனே தவிர, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முதலாளி என்னைப் பின்னால் களஞ்சியத்துக்கு அனுப்பினார். அங்கே எனக்கு நிம்மதியாக இருந்தது. சீமெந்து மூட்டைக்கும் பைப்புக்கும் கதை பேச வேண்டியதில்லை. மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். மகள் தோட்டத்துக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் லீவு கிடைக்கிறபோது போய்வந்தேன்.

என் மகளும் அண்ணன் மகளும் ஒரே வகுப்பு. என் மகள் சில மாதம் மூத்தவள். அதனால் அண்ணன் மகள் இவளை அக்கா என்பாள். இரண்டு பேருக்கும் கணிதம் நன்றாக வரும். என் மகளுக்குக் கொஞ்சம் கூடவே வரும் என்று அவர்களுடைய ஆசிரியையே சொன்னார்.

பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிற நேரம் அண்ணன் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். நான் அன்று லீவில் இருந்தேன்.

"தம்பி, ஒம் புள்ளய இங்கனயே வச்சிருந்தா வீணாப் போயிரும்" என்றார். "ஏ.எல்.ல கணிதப் பிரிவு இருக்குன்னு பேருதான். படிச்சுக் குடுக்க மாஸ்டர் இல்ல. நீதான் கண்டியிலயே கெடக்குறியே, குடும்பத்தயும் கூட்டிக்கிட்டுப் போயிரு."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கணிதத்துக்கு ஆசிரியர் வருவதும் மூன்று மாதத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவதும் வழக்கம். நான் யோசிக்கக்கூட இல்லை. எதையும் யோசித்துச் சொல்கிறவர் அண்ணன், செய்கிறவன் நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதிபரிடம் பேசுவதற்கும் அவரே வந்தார். கண்டியில் பள்ளிக்கூடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். நான் அவர் பின்னால் செருப்பைக் கையில் எடுக்காத குறையாக நின்றேன். வேலை முடிந்த அன்று மனைவி அவருக்குக் கோழி அடித்துச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டுவிட்டு, "நம்ம குடும்பத்துல ஒரு புள்ளயாவது மேல வரணும்" என்றார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

தன் மகளை அவர் அங்கேயே விட்டுவிட்டார். அண்ணி பிள்ளையைப் பிரிந்து இருக்கமாட்டார், அதனால்தான் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை எடுத்தோம். மனைவி ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி தன்னுடைய பழைய மேசையை எறியப் போனபோது நான் கேட்காமலே, "பிள்ளைக்குப் படிக்கக் கொண்டு போம்" என்று தந்தார். நல்ல கனமான மேசை. மாடிப்படி குறுகல், மேசை திரும்பவில்லை. கால்களை அறுத்து மேலே கொண்டுபோய், இரும்புத் தகடு வைத்து மறுபடி பொருத்தினேன். நான்கில் ஒரு கால் கட்டையாகிவிட்டது. அட்டையை மடித்து வைத்தாலும் இரண்டு நாளில் நசுங்கி மறுபடி ஆடும்.

சாதாரணதரத்தை மகள் நல்லபடியாகத் தாண்டினாள். உயர்தரம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும், அண்ணன் போன் எடுத்தார். அங்கே கணிதத்துக்கு ஆள் வரவே இல்லையாம். அவர் மகள் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து, சனி ஞாயிறு எங்கள் வீட்டில் தங்கி, என் மகளோடு கண்டி டியூசனுக்குப் போகட்டும் என்றார். கேட்கவில்லை, சொன்னார். நானும் மனைவியும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டோம். அண்ணன் பிள்ளை எங்கள் வீட்டில் தங்கிப் படிப்பது என்றால் சும்மாவா.

கடைசி வருடம் அவள் கிட்டத்தட்ட எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்பே நடக்காததால் வரவைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. என் மகளுடைய பள்ளிக்கூடத்திலும் அந்த வருடம் படிப்பை விட டியூசனைத்தான் எல்லாரும் நம்பினார்கள். ஆக, இரண்டு பிள்ளைகளும் ஒரே மாஸ்டரிடம் ஒரே வாங்கில் படித்து, ஒரே மேசையில் கணக்குப் போட்டு, ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள்.

அந்த வருடம் எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் சின்ன வேலைகள்தான். பாடத்தில் நான் என்ன உதவி செய்ய முடியும்? அவர்கள் போடுகிற கணக்கில் எண்களே இருக்காது. எல்லாம் எழுத்தும் கோடும். நான் விடியுமுன் எழும்பி இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ ஊற்றுவேன். மகளுக்குச் சீனி குறைய, அண்ணன் மகளுக்குச் சீனி கூட. மனைவி காலையில் வல்லாரைச் சம்பல் அரைப்பாள். ஞாபக சக்திக்கு நல்லது என்று தையல் கூடத்தில் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

"அம்மா, வல்லாரை தின்னா மூளை வளரும்னா, கீழ் வீட்டு ஆடு இன்னேரம் கம்பஸ்ல லெக்சரரா இருக்கணும்" என்று மகள் சொல்வாள்.

"அது சம்பலா அரைச்சுத் தின்னல, அதான்" என்பாள் அண்ணன் மகள். மனைவி கரண்டியைக் காட்டுவாள்.

மேசை ஆடுவதற்கும் சண்டை வரும். ஒருத்தி ரப்பரால் அழித்தால் மற்றவள் போடுகிற கோடு கோணிப்போகும். "அழிக்காதீங்கக்கா, ஒங்களால என் வட்டம் முட்டையாப் போச்சு" என்று அண்ணன் மகள் கத்துவாள். "பிழையில்லாமப் போட்டா நான் ஏன் அழிக்கிறேன், ஒனக்குச் சொல்லிக் குடுத்துக் குடுத்து எனக்கும் பிழைக்குது" என்பாள் என் மகள். உண்மையாகவே பாதி நேரம் அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருப்பாள். அண்ணன் மகளுக்கு வகுப்பில் ஒரு தடவை சொன்னால் பிடிபடாது. வீட்டுக்கு வந்ததும் என் மகள் வேறு கொப்பியில் எழுதி, படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பாள். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றும் விளங்காவிட்டாலும் அவள் எங்கே தயங்குகிறாள், எங்கே ஓடுகிறாள் என்பது தெரியும்.

பின்னேரம் டியூசன் முடியும்போது கூட்டிவர நான் கண்டி டவுனுக்குப் போவேன். வகுப்பு நடக்கிற கட்டடத்துக்கு எதிரே ஒரு புடவைக் கடை. அதன் தகரக் கூரைக்குக் கீழே அப்பாமார்கள் எல்லாம் கூடியிருப்பார்கள். எந்த மாஸ்டர் எந்தப் பாடத்தில் கெட்டி, எந்த வருடம் எத்தனை பிள்ளை கம்பஸ் போனது என்று பேச்சு ஓடும். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். மாநகர சபையில் வேலை செய்கிற ஒருவர் மட்டும் யாரையும் விடமாட்டார். ஒரு நாள் என்னிடம் திரும்பி, "ஒங்க புள்ளைங்க எந்த மாவட்டங்க?" என்று கேட்டார்.

"நுவரெலியா" என்றேன். நாங்கள் அங்கிருந்து வந்தவர்கள்தானே.

"ரெண்டு பேருமா? அப்ப ஒங்களுக்கு என்னாங்க கவலை. குடுத்து வச்சவரு" என்றார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று சொல்கிறார் என நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் அந்த மனிதர் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் விளக்கியிருப்பார். அவருக்கு வேறு வேலை இல்லை. ஆனால் அப்போது கேட்டிருந்தாலும் ஆவதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. அதுவும் ஒரு ஆறுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பரீட்சை மழைக்காலத்தில் வந்தது. அண்ணன் மகளுக்கு மண்டபம் அவளுடைய சொந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் என்பதால் பரீட்சைக்கு ஒரு வாரம் முந்தியே போய்விட்டாள். போகுமுன் நாங்கள் எல்லாரும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். மனைவி முந்திக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் சேர்த்தே பண்ணுங்கய்யா, ஒரே தட்டுல" என்றாள். இரண்டு பேருடைய பேனாக்களும் ஒரே தட்டில் சாமிக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தன.

பரீட்சை நடந்த நாட்களில் முதலாளி என்னை நேரத்தோடு போகச் சொன்னார். "உம்மட மகளுக்கு துஆ கேக்குறன், யோசிக்க வாணாம்" என்றார். நான் மண்டபத்து வாசலில் குடையோடு நிற்பேன். மகள் வெளியே வரும்போது முகத்தைப் பார்ப்பேன், எதுவும் கேட்கமாட்டேன். அவள் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் மகளுக்குப் போன் எடுப்பாள். இருவரும் விடைகளை ஒப்பிடுவார்கள். இணைந்த கணிதம் இரண்டாம் பகுதி நடந்த அன்று அண்ணன் மகள் போனில் சந்தோஷத்தில் அழுதது எனக்கே கேட்டது. முந்திய நாள் என் மகள் போனில் சொல்லிக்கொடுத்த கணக்கு அப்படியே வந்திருந்ததாம். மகளும் சிரித்தாள். மழைத் தண்ணீர் ஜன்னலால் அடித்துக்கொண்டிருந்தது. நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முடிவு வந்த அன்று முதலில் போன் எடுத்தவர் அண்ணன். மூன்று பாடமும் சித்தி, கம்பஸுக்குப் பார்க்கிற இசட் புள்ளி இவ்வளவு, மாவட்டத்தில் இத்தனையாவது என்று தன் மகளுடையதைச் சொன்னார். குரல் பெரிதாக இருந்தது. என் மகள் தன்னுடையதைச் சொன்னாள். இசட் புள்ளி அவளுக்குத்தான் கூட. மனைவி கைதட்டினாள். அவளுக்கு விளங்கியது அது ஒன்றுதான், தன் பிள்ளை கூட எடுத்திருக்கிறது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க என்ன வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே பையை எடுத்தாள்.

"இருங்கம்மா" என்றாள் மகள். "இன்னும் ஒன்னும் முடியல."

அவள் கதிரையை இழுத்து மேசையில் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். அந்த மேசையில் அவளுக்கு எதிரே நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"எனக்கு இந்தப் புள்ளி காணாதுப்பா. கண்டிக்கு வெட்டுப்புள்ளி கூட. அவளுக்குக் கெடைச்சிரும். அவளுக்கு நுவரெலியா."

"ரெண்டு பேரும் இங்கதானே படிச்சீங்க?"

"படிச்சது இங்க. பேரு அங்க."

எனக்குப் பிடிபடவில்லை. அவள் பொறுமையாக மறுபடி சொன்னாள். அண்ணன் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பாளே, அதே குரலில், படிப்படியாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மனைவி பையைக் கதவில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே தெரியுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பிக்கிற அந்த டியூசன் மாஸ்டர் ஒரு நாள், பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகள் யார் யார் என்று கை தூக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணன் மகள் தூக்கியிருக்கிறாள். என் மகளும் பாதி தூக்கிவிட்டு, பள்ளிக்கூடம் எது என்று அவர் கேட்டதும் இறக்கியிருக்கிறாள். "ஓம், கை தூக்கின ஆக்கள் பயப்பிடத் தேவையில்லை. பக்கத்தில இருக்கிறவைதான் பயப்பிடோணும்" என்று மாஸ்டர் பகிடியாகச் சொன்னாராம். வகுப்பே சிரித்ததாம்.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லி என்னாப்பா செய்யிறது? அப்பவே திரும்பிப் போனாலும் மூனு வருசம் வராது. நீங்க ரெண்டு பேரும் ஒங்க பாட்டுக்குச் சந்தோசமா இருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

மனைவி அப்போது ஒன்று கேட்டாள். தெரிந்துமா அவளுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய் என்றாள். மகள் மேசையில் கிடந்த ரப்பரை எடுத்து உருட்டிக்கொண்டு, "அவ என்னாம்மா செஞ்சா?" என்றாள்.

வெட்டுப்புள்ளி வருவதற்கு இன்னும் பல மாதம் எடுத்தது. அந்த மாதங்களில் மனைவி நேர்த்தி வைத்தாள். நான் களஞ்சியத்தில் சாமானை எண்ணிக்கொண்டிருக்கும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன். ஒவ்வொரு வருடமும் வெட்டுப்புள்ளி கூடும், குறையும் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தோம். வந்தபோது மகள் சொன்னபடியே வந்தது. கண்டிக்குக் கொஞ்சம் போதாமல் போய்விட்டது. நுவரெலியாவுக்கு என்றால் தாராளமாகக் கிடைத்திருக்கும். அண்ணன் மகள் விஞ்ஞானபீடத்துக்குத் தெரிவானாள். எந்தக் கம்பஸ் தெரியுமா? பேராதனை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம்.

முதலாளி செய்தி கேட்டு வருத்தப்பட்டார். மனமாரத்தான் வருத்தப்பட்டார். பிறகு, "கணக்குத் தெரிஞ்ச பிள்ளைதானே, சும்மா வீட்டில இருக்காம நம்மட கடையில கேஷ்ல வந்து இருக்கட்டும்" என்றார். நன்றி சொன்னேன். கண்ணுக்கே தெரியாத எண்களை வைத்துக் கணக்குப் போட்ட பிள்ளை ஆணிக்கும் பெயின்டுக்கும் பில் போட வந்து உட்கார்ந்தாள். நான் களஞ்சியத்திலிருந்து சாமான் கொண்டுவந்து வைப்பேன், அவள் பில் போடுவாள். கேஷில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள். ஆள் வந்தால் மூடுவாள்.

அண்ணன் லட்டுப் பெட்டியோடு வந்தார். மகள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு டியூசனுக்குப் போனாள். திரும்பவும் எழுதுவதாக முடிவு செய்திருந்தாள். திரும்ப எழுதினாலும் கண்டிதான், அது மாறாது. அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். கம்பஸில் பதிவதற்குத் தன் மகளை நான்தான் கூட்டிப்போக வேண்டுமாம். அவருக்குக் கந்தோரில் லீவு இல்லையாம். எனக்குக் கிட்டத்தானே, பாதையும் தெரியும் என்றார்.

நான் பல நாளாக ஒரு கேள்வியைத் தயார் செய்து வைத்திருந்தேன். களஞ்சியத்தில் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"அண்ணே, இந்த மாவட்டக் கதை ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"எப்ப?"

"எங்கள இங்க அனுப்பக்குள்ள."

"தெரியும். கந்தோர்ல இருக்கிறவனுக்கு இது தெரியாமலா?"

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் கோபப்படவில்லை. கேலியும் செய்யவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப இயல்பாகச் சொன்னார்:

"நீ கேக்கலையே தம்பி."

பிறகு, "ஒம் புள்ள கெட்டிக்காரி. கண்டியிலயே அடிச்சிருவான்னு நெனச்சேன். எம் புள்ளைக்கு அந்த அளவு மண்டை இல்ல, அதான் அங்கனயே விட்டேன்" என்றார். அவர் அதை என் மகளைப் புகழ்வதாகவே சொன்னார். மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

வேண்டுமென்றே செய்தாரா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அந்த மாவட்டத்தில் கணிதம் எழுதுகிற பிள்ளைகள் கொஞ்சம். அதில் ஒன்று குறைந்தால் அவர் மகளுக்கு ஒரு படி மேலே. அந்த அளவுக்குக் கணக்குப் போட்டிருப்பாரா? போட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். என் பிள்ளைக்காக அவர் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவே மாட்டார். இது எனக்கு முன்னதைவிட அதிகமாகக் கசக்கிறது.

அண்ணன் மகளை நான்தான் கூட்டிப்போனேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எங்கே வரும்? பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் பெட்டியை வாங்கும்போது, "சித்தப்பா, அக்கா எழுதித் தந்த கொப்பியெல்லாம் என்கிட்டதான் இருக்கு. அக்காவுக்கு இப்ப தேவப்படும். வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு மரங்களுக்கு நடுவே நடந்தாள். எல்லா அப்பாமார்களும் பிள்ளை மறையும் வரைக்கும் நின்றார்கள். நானும் நின்றேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "வேணாம்னு சொல்லிருங்க. நான் எழுதினது எனக்குத் தெரியாதா" என்றாள்.

இப்போது அவள் இரண்டாம் தடவைக்குப் படிக்கிறாள். காலையில் கடை, பின்னேரம் வகுப்பு, பிறகு அந்த மேசை. நான் ஒரு பிளேன்டீதான் ஊற்றுகிறேன். சில நாள் கை தவறிச் சீனி கூடப் போட்டுவிடுகிறேன், அவள் அப்படியே குடித்துவிடுகிறாள். வல்லாரையை மனைவி நிறுத்திவிட்டாள். மேசை இன்னும் ஆடுகிறது. அதனால் கோடு கோணுவதாகச் சொல்ல ஆள் இல்லை.

போன கிழமை அண்ணன் போன் எடுத்தார். அவருடைய மகன் சாதாரணதரம் எழுதிவிட்டான். அவனும் கணிதம்தானாம். பள்ளிக்கூடம் அங்கேயே, வகுப்புக்கு மட்டும் கண்டிக்கு வருவான், சனி ஞாயிறு எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார். என் மகள் சொல்லிக்கொடுத்தால் இவனும் மேலே வந்துவிடுவான் என்றார். கடையில் மகள் எனக்கு எதிரே கேஷில் இருந்தாள். புத்தகம் திறந்திருந்தது.

"எடமில்லண்ணே" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். டவுனுக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டாய் என்றார். பிறகு போனை வைத்துவிட்டார். மகள் தலையைத் தூக்கி யார் என்று கேட்டாள். பெரியப்பா என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் சந்தோஷப்படுவாள், பிறகு அந்தப் பையன் என்ன செய்தான் என்று அழுவாள். வீட்டில் இடம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் தாராளமாக உட்காரக்கூடிய மேசைதான் அது. அது அண்ணனுக்கும் தெரியும்.